குளிர் அறை விதி 31 (உ)

காலியாகக் கிடக்கும் இடத்தைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது, மேடம். உங்கள் படிவத்தில் வாக்குமூலத்துக்கென்று எட்டு வரிதான் விட்டிருக்கிறீர்கள். அதைப் பார்த்ததுமே கூடுதல் தாள் கேட்டேன். உங்கள் ரைட்டர் முகம் சுளிக்காமல் ஒரு கட்டையே தூக்கிக் கொடுத்துவிட்டார். மேசையும் ஆடவில்லை, பேனாவும் கக்கவில்லை. எழுதுகிறவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். வணிகர் மற்றும் சிறுதொழில் சங்கத்தின் மாதச் சுற்றறிக்கையைப் பத்தொன்பது வருடங்களாக நான்தான் தயாரிக்கிறேன். எட்டுப் பக்கம். அரசாங்கம் போடும் ஆணைகள், அவற்றுக்கான திருத்தங்கள், அந்தத் திருத்தங்களில் நேர்ந்த பிழைக்கான திருத்தங்கள் என எல்லாவற்றையும் படித்து, பேக்கரிக்காரருக்கும் அச்சகக்காரருக்கும் சலவைக் கடைக்காரருக்கும் புரிகிற மாதிரி சுருக்கித் தர வேண்டும். அட்டைப்பெட்டியில் எடையை எத்தனை மில்லிமீட்டர் எழுத்தில் அச்சிடுவது, வாடிக்கையாளரின் போன் நம்பரை எத்தனை நாள் வைத்துக்கொள்வது, ஈரக் குப்பைக்கு எந்த நிற வாளி என்பதெல்லாம் நான் சொல்லித்தான் எங்கள் உறுப்பினர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் தெரியும். எனக்கு 'ஷரத்து' என்று பட்டப்பெயர். கேலியாகத்தான் ஆரம்பித்தார்கள். போகப்போக "ஷரத்து சாரைக் கேட்டுக்கங்க" என்று அதுவே மரியாதை ஆகிவிட்டது. நானும் தடுக்கவில்லை.

ஒவ்வொரு சுற்றறிக்கையோடும் ஒரு துண்டுச் சீட்டு போகும். 'படித்தேன், புரிந்துகொண்டேன், கடைப்பிடிப்பேன்' என்று அதில் அச்சிட்டிருக்கும். உறுப்பினர் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு மாதம் அச்சகத்தில் மின்சாரக் கோளாறு. சுற்றறிக்கை தாமதமாகிவிட்டது, சீட்டுகள் மட்டும் முன்னால் போய்விட்டன. சுற்றறிக்கை அச்சாவதற்கு நான்கு நாள் முன்பே நானூற்றுப் பதினோரு சீட்டுகள் கையெழுத்தோடு வந்து சேர்ந்தன. எங்கள் தலைவருக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா, நம்ம ஆளுங்க எவ்வளவு வேகம்" என்றார். தலைவர் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். பேசும்போது நம்மைப் பார்க்க மாட்டார், நமக்குப் பின்னால் மாட்டியிருக்கும் கண்ணாடியைப் பார்ப்பார். தொழில் பழக்கம்.

வராத அந்த ஒரு சீட்டு என் மைத்துனனுடையது.

அவன் என் மனைவியின் தம்பி. ஊர் எல்லையில் குளிர்பதனக் கிடங்கு நடத்தினான். பச்சைப் பட்டாணி, ஐஸ்கிரீம், கோழி இறைச்சி. பதினான்கு பேர் வேலை செய்தார்கள். பெரிய உருவம், அதைவிடப் பெரிய சிரிப்பு. அவனிடம் ஒரு வினோதம் உண்டு: கையில் கொடுக்கிற எதையும் படித்துவிடுவான். சலவை இயந்திரம் வாங்கினால் கூட வரும் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, அதில் இரண்டு தப்பு இருக்கிறது என்று கம்பெனிக்குக் கடிதம் போட்டவன். எங்கள் சுற்றறிக்கையை உண்மையிலேயே படித்த ஒரே உறுப்பினர் அவன்தான். இது எனக்கு மகிழ்ச்சி தந்திருக்க வேண்டும். தந்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மாதம் அரசாங்கம் ஒன்றுமே வெளியிடவில்லை. ஆணை போடுகிறவர்கள் எல்லோரும் சேர்ந்து விடுப்பில் போய்விட்டார்களோ என்னவோ. ஐந்தாம் பக்கத்தில் 'இந்த மாதம் புதிதாக வந்தவை' என்ற தலைப்புக்குக் கீழே ஒன்பது வரி இடம் வெள்ளையாகக் கிடந்தது. தலைவரிடம் போனேன்.

"இந்த மாசம் ஒண்ணும் வரலைன்னு எழுதிடலாமா?"

"ஒண்ணும் வரலைன்னு எழுதவா உங்களை வெச்சிருக்கோம்? சங்கம் தூங்குதுன்னு நினைப்பான் ஒவ்வொருத்தனும். ஏதாவது பாத்துப் போடுங்க ஷரத்து."

ஏதாவது பார்த்துப் போட்டேன்.

யாருக்கும் அதிகத் தொந்தரவு வரக் கூடாது என்பதில் கவனமாகத்தான் இருந்தேன். பேக்கரி என்று தொட்டால் அறுபது பேர். அச்சகம் என்றால் நாற்பது. குளிர் அறை வைத்திருப்பவர்கள் ஆறே பேர். அந்த ஆறில் ஒருவன் உங்கள் மைத்துனன் என்பது நினைவில் இருந்ததா என்று நேற்று கேட்டீர்கள். இருந்தது. ஆனால் அதற்காகத் தேர்ந்தெடுக்கவில்லை. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவன் சொன்னதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அவன் சொன்னது இவ்வளவுதான்: "அத்தான், உங்க சுற்றறிக்கையை எங்க மேனேஜருக்குப் படிச்சுக் காட்டினேன். குளிர் ரூமுக்கு வெளியவே மனுசன் உறைஞ்சு போயிட்டார்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் மனைவி சிரித்து முடிக்கத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது.

விதியின் வாசகம் உங்கள் கோப்பில் இருக்கும். இருந்தாலும் இங்கே சுருக்கமாகத் தருகிறேன். குளிர் அறைக் கதவைக் காலை ஏழு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் மட்டுமே திறக்கலாம், அதுவும் இருபது நிமிடத்துக்கு மிகாமல். மூடியதும் கதவின் மேல் எண் போட்ட காகிதப் பட்டை ஒன்றை ஒட்ட வேண்டும். மற்ற நேரங்களில் பட்டையைக் கிழிப்பதற்கு முன் அனுமதி பெற வேண்டும். மீறினால் உரிமம் ரத்து. இதற்கு 31 (உ) என்று எண் கொடுத்தேன். 31 (ஈ) வரை ஏற்கெனவே இருந்தது.

எழுதி முடித்தபோது எட்டரை வரிதான் வந்திருந்தது. அரை வரி காலி. உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் 'உட்புறக் கைப்பிடி அகற்றப்படும்' என்று சேர்த்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. அந்த இதழின் மற்ற ஆணைகளோடு வைத்துப் பார்த்தால், தற்பெருமையாக இல்லாமல் சொல்கிறேன், அது ஒன்றுதான் முதல் வாசிப்பிலேயே புரிந்தது.

ஒரு மாதத்தில் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். மூன்றாவது வாரம் லைசென்ஸ் ஆபீஸ் இன்ஸ்பெக்டர் எங்கள் மாடிப்படி ஏறி வந்தார்.

"சார், இந்த முப்பத்தொண்ணு உ-வோட ஒரிஜினல் ஒரு காப்பி இருக்குமா? எங்க ஆபீஸ்ல யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"உங்க ஆபீஸ்ல இருந்துதானே எங்களுக்கே வரும்?"

"ஆமா, ஆமா. அதான் கேட்டேன்."

நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். கேள்விதான் கேட்டேன். அடுத்த மாதம் அவர்களுடைய சோதனைப் பட்டியலில் இருபத்திரண்டாவது அயிட்டமாக அது ஏறிவிட்டது. அன்றோடு அது என் விதி இல்லை, அரசாங்க விதி. எங்கள் சங்கமே பட்டைகளை அச்சடித்துக் கொடுத்தது. ஒரு விரல் அகலம், நீல நிறம், இரண்டு பக்கமும் சங்கத்தின் முத்திரை. பக்கத்து ஊர் சங்கம் அந்த ஒன்பது வரியை எங்களிடமிருந்து எடுத்துத் தன் சுற்றறிக்கையில் போட்டது. அங்கிருந்து அடுத்த ஊருக்குப் போனது. வரி ஆலோசகர் ஒருவர் 'விதி 31 (உ): தோற்றமும் நோக்கமும்' என்று நாற்பது பக்கத்தில் விளக்கவுரை எழுதினார். இந்த விதிக்குப் பின்னால் மூன்று வருட வல்லுநர் ஆலோசனை இருந்தது என்று அதில் படித்தபோது எனக்கே நெகிழ்ச்சியாக இருந்தது. பிறகு ஒரு பயிற்சி நிறுவனம் இதற்காக ஒரு நாள் வகுப்பு நடத்தியது. சங்கத்தின் சார்பில் நான் போனேன். கடைசியில் பரீட்சை வைத்தார்கள். நூற்றுக்கு அறுபத்து நான்கு வாங்கினேன். விதியின் உள்நோக்கம் பற்றிய கேள்வியில் கோட்டை விட்டுவிட்டேன்.

மைத்துனன் மட்டும் சீட்டில் கையெழுத்துப் போடவில்லை. சிவப்பு மையில் எழுதித் திருப்பினான்: 'மூல ஆணையின் நகல் தேவை. வந்ததும் படிக்கிறேன். பிறகு புரிந்துகொள்கிறேன். கடைப்பிடிப்பதைப் பற்றி அப்புறம் பேசலாம்.' அது போதாதென்று நேரிலும் வந்தான்.

"அத்தான், உள் கைப்பிடியைக் கழட்டச் சொன்னது எந்தக் கிறுக்கன்?"

"அரசாங்கம்."

"அரசாங்கத்துல எந்தக் கிறுக்கன்னு கேக்கறேன். உள்ள ஆள் மாட்டிக்கிட்டா என்ன பண்றது?"

"முன் அனுமதி வாங்கணும்."

"மாட்டிக்கிறதுக்கு முன்னாடியேவா?"

என்று கேட்டுவிட்டு, தன் நகைச்சுவைக்குத் தானே மேசையைத் தட்டினான். என் காபி சுற்றறிக்கை மேல் கொட்டியது. "பரவாயில்லை அத்தான், இப்பதான் அதுல கொஞ்சம் சூடு இருக்கு" என்றான். டைப்பிஸ்ட் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான்கு மாதம் அவன் கைப்பிடியைக் கழற்றவில்லை. மற்ற ஐந்து பேரும் கழற்றிவிட்டார்கள். ஒருவன் மட்டும் கீழ்ப்படியாமல் இருந்தால், கீழ்ப்படிந்த ஐந்து பேருக்கு அது அநியாயம் இல்லையா. அதனால் இன்ஸ்பெக்டருக்கு ஒரு கடிதம் எழுதினேன். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு ஐஸ்கிரீம் வண்டி வரும், அப்போது கதவு எப்படித் திறந்தே கிடக்கும் என்று தகவல் மட்டும் கொடுத்தேன். கீழே பெயர் போடவில்லை. எனக்கு விளம்பரம் பிடிக்காது.

இன்ஸ்பெக்டர் சரியாக அந்த நேரத்துக்குப் போய் நின்றார். கிடங்கை ஒன்பது நாள் மூடிவிட்டார்கள். மின்சாரத்தையும் நிறுத்திவிட்டதால் ஐஸ்கிரீம் முழுக்க உருகித் தெருவில் ஓடியது. அந்தப் பக்கத்துப் பூனைகளுக்கு நல்ல வாரம். திறக்க அனுமதித்தபோது கைப்பிடி கழற்றப்பட்டிருந்தது, பட்டை ஒட்டப்பட்டிருந்தது. இன்னொரு முறை நேரம் தவறிப் பட்டை கிழிந்தால் உரிமம் நிரந்தரமாகப் போய்விடும் என்று இன்ஸ்பெக்டர் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். மைத்துனன் தன் ஆட்களைக் கூட்டி வைத்துச் சொன்னது எனக்கும் காதுக்கு வந்தது: "இனிமே அத்தானைக் கேக்காம யாரும் பட்டை மேல கை வைக்கக் கூடாது." அதைக் கேட்டபோது எனக்கு உள்ளூர ஒரு நிறைவு. குடும்பத்தில் என்னை அவன் மதித்த முதல் சந்தர்ப்பம்.

ஆனால் மனிதன் சும்மா இருக்கவில்லை. தலைமை அலுவலகத்துக்கு மூல ஆணையின் நகல் கேட்டு எழுதிக்கொண்டே இருந்தான். ஐந்து கடிதங்கள்.

இதற்கிடையில் எனக்கு ஒரு நல்லது நடந்தது. 31 (உ) விதியை எல்லாக் கிடங்குகளுக்கும் விரிவுபடுத்த ஒரு வரைவுக் குழு அமைக்கப் போவதாகவும், அதில் என்னை உறுப்பினராகப் போடப் போவதாகவும் செய்தி வந்தது. வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குச் சங்கக் கூட்டத்தில் அறிவிப்பு. புதுச் சட்டை எடுத்திருந்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் மைத்துனன் வீட்டுக்கு வந்தான். அக்காளிடம் வழக்கம்போல் வம்பு இழுத்தான். "என்னக்கா, அத்தானுக்கு மந்திரி பதவியாமே. இனிமே வீட்டுக் கதவைத் திறக்கவும் அனுமதி வாங்கணுமா?" அவள் உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தி, சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினான். தலைமை அலுவலகத்தின் பதில். 31 (உ) என்று ஒரு விதி எப்போதும் வெளியிடப்படவில்லை என்று இரண்டே வரியில் எழுதியிருந்தார்கள். நல்ல நடை.

"யாரோ உங்களை நல்லா ஏமாத்தியிருக்காங்க அத்தான்," என்றான். "பாவம், பத்தொன்பது வருஷமா ராத்திரி பகலா உழைச்ச மனுசன். அக்காகிட்ட நான் சொல்லலை. நாளைக்குக் கூட்டத்துல நானே எழுந்து சொல்லிடறேன். உங்க பேர் கெடாது. 'அவரும் பாவம், நம்பிட்டார்'னு சொல்லிடறேன். சரியா?"

என் தோளில் கை வைத்துத்தான் சொன்னான். அவன் கண் கலங்கியிருந்தது.

மேடம், அவன் என்னைத் திருடன் என்று சொல்லியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். பித்தலாட்டக்காரன் என்றாலும் சரி, அதற்கும் ஒரு திறமை வேண்டும். பாவம் என்றான். இரண்டு தடவை சொன்னான். நானூற்றுப் பன்னிரண்டு பேர் முன்னால் மூன்றாவது தடவையும் சொல்லப் போகிறான். நாடு முழுக்க நடைமுறையில் இருக்கும் ஒரு விதியைத் தனியொருவனாக உருவாக்கியவனை, எவனோ ஏமாற்றிவிட்ட அப்பாவி என்று சொல்லப் போகிறான்.

"காலைல ஏழு மணிக்குக் கதவு திறக்கும்போது உள்ள போய், கைப்பிடி இருந்த ஓட்டையை நாலு போட்டோ எடுத்துக்கறேன். கூட்டத்துல காட்டணும், எவ்வளவு ஆபத்துன்னு. அப்படியே நேரா வந்துடறேன்," என்று சொல்லிவிட்டுப் போனான். வாசலில் என் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு பாதித் தெரு போய், சிரித்துக்கொண்டே திரும்பி வந்து மாற்றிக்கொண்டான்.

மறுநாள் காலை ஏழு ஐம்பதுக்குப் போன் வந்தது. நான் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவி பக்கத்திலேயே என் புதுச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிட்டது கிடங்கு மேனேஜர். நல்ல மனிதர், நாம் பேசி முடிப்பதற்குள் "சரிங்க" என்று சொல்லிவிடுவார்.

"சார், முதலாளி உள்ள இருக்கார் சார். ஏழு இருபதுக்கு மூடிட்டோம், இருபது நிமிஷம் ஆச்சேன்னு. பட்டாணிப் பெட்டிக்குப் பின்னாடி நின்னிருக்கார், யாரும் பாக்கலை. இப்பதான் தட்டுற சத்தம் கேட்டுச்சு. போன் போட்டா போக மாட்டேங்குது, சுத்தி இரும்புத் தகடு. ஜாக்கெட்டு வெளியவே தொங்குது சார். பட்டையைக் கிழிச்சிடட்டுமா?"

"என்ன நம்பர் பட்டை?" என்று கேட்டேன். பழக்கம்.

"நாலாயிரத்து எழுபத்தொண்ணு."

"கிழிக்காதீங்க. போன தடவை ஒன்பது நாள். இந்தத் தடவை லைசென்ஸே போயிடும். வெளிய வந்து உங்க முதலாளி உங்களைத்தான் கேப்பார். நான் அனுமதி வாங்கித் தர்றேன். கால் மணி நேரம்."

"சரிங்க."

"யாருங்க?" என்றாள் என் மனைவி.

"ஆபீஸ்."

"இன்னிக்காவது மனுசனை நிம்மதியாக் கிளம்ப விடறாங்களா," என்று சொல்லிக்கொண்டே காலரை மறுபடி ஒரு முறை தேய்த்தாள்.

எட்டே காலுக்கு மேனேஜர் திரும்பக் கூப்பிட்டார். லோடு ஏற்றும் ஆட்கள் கிழித்துவிடலாம் என்கிறார்கள், முதலாளி உள்ளேயிருந்து ஏதோ சொல்கிறார், கதவின் தடிமனில் கேட்கவில்லை என்றார். அனுமதி கையெழுத்துக்குப் போயிருக்கிறது, இப்போது கிழித்தால் அது செல்லாமல் போய்விடும் என்று விளக்கினேன். "சொந்த மச்சினன் விஷயத்துல நான் அசால்ட்டா இருப்பேனா?" என்றும் கேட்டேன். இந்தக் கேள்வி அவர்களுக்குத் தைரியம் கொடுத்தது என்று பிறகு மேனேஜர் உங்களிடம் சொல்லியிருக்கிறார்.

எட்டு ஐம்பதுக்கு மூன்றாவது அழைப்பு.

"சார், தட்டுற சத்தம் நின்னுடுச்சு சார்."

"நல்லது. பதட்டம் குறைஞ்சிருக்கும்," என்றேன்.

"சரிங்க," என்றார். ஆனால் இந்த முறை கொஞ்சம் தாமதமாகச் சொன்னார்.

பிறகு ஆபீஸுக்குப் போய் அனுமதிக் கடிதத்தைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன். டைப்பிஸ்ட் அம்மா இன்னும் வரவில்லை. 'பொருள்', 'பார்வை' எல்லாம் ஒழுங்காக வந்தது. 'அனுமதி வழங்கும் அலுவலர்' என்ற இடத்தில் கை நின்றுவிட்டது. 31 (உ) விதியில் அனுமதியை யார் வழங்க வேண்டும் என்று நான் எழுதவே இல்லை. இரண்டு வருடமாக ஆறு கிடங்குக்காரர்களும் அனுப்பிய விண்ணப்பங்கள் என் மேசை இழுப்பறையில் கிடந்ததற்கும் அதுதான் காரணம்; எங்கே அனுப்புவது என்று எனக்கே தெரியாது. அந்த ஒரு வெற்றிடத்தோடு முக்கால் மணி நேரம் போராடினேன். கடைசியில் என் பெயரையே போட்டுவிட்டேன்.

'திறங்க' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்திருக்குமே, ஏன் சொல்லவில்லை என்று நேற்று மூன்று முறை கேட்டீர்கள். குரலைக்கூட உயர்த்தினீர்கள். இப்போது நிதானமாக எழுதுகிறேன். ஏழு ஐம்பதுக்கு எனக்கு எல்லாம் தெரியும். அப்படி ஒரு விதி இல்லை என்று தெரியும். உள்ளே இருப்பது யார், எத்தனை டிகிரி, என்ன சட்டை என்று தெரியும். சட்டைப் பையில் என்ன கடிதம் என்றும் தெரியும்; அதை நீங்கள் எடுத்துப் படித்ததால்தானே நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். பதினோரு மணி வரை அவன் வெளியே வராவிட்டால் கூட்டத்தில் என்னைப் பாவம் என்று சொல்ல ஆள் இருக்காது. அவ்வளவுதான் நான் நினைத்தது. பன்னிரண்டு மணிக்கு அவன் வந்திருந்தால் சந்தோஷமாகவே வரவேற்றிருப்பேன். ஆனால் அந்தக் குளிரில் பன்னிரண்டு மணி வரை ஒரு ஆள் தாங்க மாட்டான் என்பதும் தெரியும். பயிற்சி வகுப்பில் அதைத்தான் முதல் பாடமாக வைத்திருந்தார்கள். அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆகவே, கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை.

பத்து மணி பத்து நிமிடத்துக்கு, பட்டாணி பாக்கெட் போடும் பெண் ஒருத்தி வேலைக்குத் தாமதமாக வந்திருக்கிறாள். பதின்மூன்று பேர் ஒரு கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "என்ன எல்லாரும் சாமி வர்ற மாதிரி நிக்கறீங்க?" என்று கேட்டிருக்கிறாள். சொன்னார்கள். அவள் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. நேராகப் போய் நாலாயிரத்து எழுபத்தொன்றைக் கிழித்துவிட்டு, மேனேஜர் கையிலிருந்த சாவியைப் பிடுங்கித் திறந்துவிட்டாள். சங்கத்தின் முத்திரை இரண்டாகப் போய்விட்டது.

நான் கடிதத்தோடு போய்ச் சேர்ந்தபோது பத்தரை. அவனை வெளியே கொண்டுவந்து சாக்குகளின் மேல் கிடத்தி, ஜாக்கெட்டைப் போர்த்தியிருந்தார்கள். அந்தப் பெண் அவன் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். போதும் என்று யார் சொல்லியும் நிறுத்தவில்லை. மேனேஜர் என் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தார். "சரிங்க" என்று சொல்லவில்லை.

கூட்டம் நடக்கத்தான் செய்தது. தலைவர் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி, "சட்டத்தை மதித்து வாழ்ந்தவர்" என்று மைத்துனனைப் பற்றிப் பேசினார். இரண்டு நிமிடம் மௌனம். குழு அறிவிப்பை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்தார்கள். யாரும் என்னைப் பாவம் என்று சொல்லவில்லை. அதாவது, அந்தக் காரணத்துக்காகச் சொல்லவில்லை. மைத்துனனைப் பறிகொடுத்தவர் என்று நிறையப் பேர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். என் மனைவி மட்டும், அன்று இஸ்திரி போட்ட சட்டையைத் துவைக்கவும் இல்லை, மடிக்கவும் இல்லை. நாற்காலி மேலேயே கிடக்கிறது.

கடைசியாக அந்தக் கடிதத்தைப் பற்றி ஒரு திருத்தம். அதில் அனுமதி வழங்கிய நேரம் காலை 7.55 என்று போட்டிருப்பதை வைத்து, நான் தடயத்தை மாற்றப் பார்த்தேன் என்று உங்கள் குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். தவறு. கிடங்குக்கு வந்து கிழிந்த பட்டையைப் பார்த்த பிறகு, அந்தப் பெண்ணுக்காக நான் பேனாவால் போட்டது அது. அனுமதி இல்லாமல் பட்டையைக் கிழித்தாள் என்று வந்தால் உரிமம் போய்விடும், அவன் மனைவியும் பதினான்கு குடும்பமும் நடுத்தெருவில் நிற்கும். என் ஒருவன் பேனாவால் அது தடுக்கப்பட்டது. அவன் இருந்திருந்தால் அந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்திருப்பான், ஒரு தப்புகூடக் கண்டுபிடித்திருக்க மாட்டான். நீங்களும் ஒரு முறை பொறுமையாகப் படித்துப் பாருங்கள், மேடம். அவன் தட்டுவதாகத் தகவல் வந்தது ஏழு ஐம்பது, அனுமதி ஏழு ஐம்பத்தைந்து. ஆவணத்தின்படி, ஐந்தாவது நிமிடமே அவன் வெளியே வந்துவிட்டான்.